எட்டுப் பெண்கள், மூன்று கேன்யன்கள்: எங்கே போவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் அப்புறம். பாதிப் பேர் புதியவர்களாக இருக்கும் ஒரு பெண்கள் குழு, பையை முதுகில் சுமந்துகொண்டு பாலைவனக் கேன்யன் ஒன்றுக்குள், அதாவது செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்குக்குள், இரண்டு இரவு தங்கப் போகிறது என்றால், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் அரவைப்பாவுக்குப் போகட்டும். கிராண்ட் கேன்யன் இரண்டாவது. பரீயா மூன்றாவது, அதுவும் மற்ற இரண்டையும் முடித்த பிறகு.

நாங்கள் எட்டுப் பேர். மூத்த அக்காவுக்கு 61 வயது. தினமும் காலையில் ஐந்து மைல் நடப்பவர், ஆனால் இறக்கத்தில் வலது முழங்கால் தகராறு செய்யும். கடைசித் தங்கைக்கு 26, மாரத்தான் ஓடுகிறவள், ஆனால் கூடாரத்தில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை. மூன்று பேர் கனமான பையோடு ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்ததில்லை. ஒருத்திக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்தாலே அவளுக்குக் கால் நடுங்கிவிடும். அக்டோபரில் எங்கே போவது என்று இரண்டு மாதமாகப் பேசுகிறோம், இன்னும் முடிவு வரவில்லை. மூன்று இடத்துக்கும் ஏற்கெனவே போய்வந்தவள் நான் மட்டும்தான் என்பதால் ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார்கள். இதே யோசனையில் இருக்கும் மற்ற பெண்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எது அழகு, எத்தனை மைல், எத்தனை நாள் என்று பார்த்தால் முடிவே வராது, ஏனென்றால் மூன்றுமே அழகு, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு நாளில் நடந்துவிடலாம். நான் கேட்கும் கேள்வி வேறு. இரண்டாம் நாள் மத்தியானம் எங்களில் ஒருத்தியால் இனி நடக்க முடியவில்லை என்றால் அவள் எப்படி வெளியே வருவாள், மற்ற ஏழு பேரும் என்ன செய்வோம்? இந்த ஒரு கேள்விக்கு மூன்று கேன்யன்களும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

பரீயாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழுவில் பாதிப் பேருக்கு மனசு அங்கேதான் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து மாநிலமான யூட்டாவில் ஒயிட் ஹவுஸ் என்ற இடத்தில் ஆற்றில் இறங்கினால் 38 மைல், அதாவது 61 கிலோமீட்டர் தள்ளி, அரிசோனாவின் லீஸ் ஃபெர்ரியில் கொலராடோ ஆற்றங்கரையில் வெளியே வருவீர்கள். பாதை என்று தனியாக ஒன்று கிடையாது, ஆறுதான் பாதை. நூற்றுக்கணக்கான தடவை ஆற்றைக் கடக்க வேண்டும், பல இடங்களில் ஆற்றுக்குள்ளேயேதான் நடை. ஏறக்குறைய நான்காவது மைலில் இரண்டு பக்கச் சுவரும் நெருங்கி வந்து, ஒன்பதாவது மைல் வரை ஒரு சந்து மாதிரி ஆகிவிடும். செம்மண் நிறப் பாறை இரண்டு பக்கமும் நெடுக எழும்பி நிற்க, மேலே ஒரு நூல் அளவுக்கு வானம். நடுவில் பக்ஸ்கின் கல்ச் என்ற இன்னொரு சந்து வந்து சேரும், உலகத்திலேயே மிக நீளமான குறுகிய கேன்யன்களில் அதுவும் ஒன்று. அந்த ஐந்து மைலில் யாருமே பேசவில்லை, எங்கள் கால்கள் தண்ணீரை அளையும் சத்தம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. எனக்கு அதை மறக்கவே முடியாது.

ஆனால் அந்தச் சந்துக்குள் கூடாரம் போடக் கூடாது, போடவும் இடமில்லை. அதனால் முதல் நாள் நான்கு மைலுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒன்பது மைலையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். புதியவர்களுக்கு, முழு எடையோடு, ஈரக் காலோடு, முதல் நாளே ஒன்பது மைல் என்பது மிக அதிகம்.

இப்போது என் கேள்வியைப் பரீயாவிடம் கேட்கிறேன். நான் போனபோது நாங்கள் நான்கு பேர். பதினான்காவது மைல் வாக்கில் ஒரு தோழியின் கணுக்கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் வீங்கி ஷூவுக்குள் அடங்காமல் போய்விட்டது. திரும்பிப் போனால் 14 மைல், அதில் ஐந்து மைல் அந்தச் சந்து. முன்னால் போனால் 24 மைல். பரீயா ஆறு பிரைஸ் கேன்யன் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து வருகிறது, அங்கே பெய்கிற மழை சில மணி நேரம் கழித்து, நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, வெள்ளமாக வந்து சேரும். நாங்கள் கிளம்பும்போது பார்த்த வானிலை அறிக்கைக்கு வயசு இரண்டு நாள். அதை நம்பிக் காயம்பட்ட ஒருத்தியை மெதுவாகச் சந்துக்குள் திரும்ப நடத்திக் கூட்டிப்போக எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. அவளுடைய பையைப் பிரித்து மூன்று பேரும் சுமந்தோம், அவள் நான்கு ஊன்றுகோல்களை மாற்றி மாற்றிப் பிடித்து நடந்தாள், ஒரு நாள் கூடுதலாக ஆனது. உபரியாக ஒரு நாள் சாப்பாடு வைத்திருந்ததால் தப்பித்தோம். அந்த இரண்டாவது ராத்திரி அவள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஒவ்வொரு தடவை காற்று மாறும்போதும் தண்ணீர்ச் சத்தம் கூடியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தோம்.

வெள்ளத்தைப் பற்றி நான் மிகைப்படுத்துவதாக யாருக்காவது தோன்றினால், 1997 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில் இருக்கும் ஆன்டெலோப் கேன்யனில் 11 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை, மேலே பல மைல் தள்ளிப் பெய்த மழை அது. 2015 செப்டம்பரில் சயான் பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் போனார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கத்தில் இடிமழைக் காலம், அப்போது குறுகிய கேன்யன் எதற்கும் போவதில்லை என்று எங்கள் குழுவில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறோம். அக்டோபர் பரவாயில்லை, ஆனால் ஆபத்தே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது.

பரீயாவில் இன்னும் சில சங்கடங்கள். ஆற்றுத் தண்ணீர் சேறு. வடிகட்டியில் நேரடியாக ஊற்றினால் அரை லிட்டரில் அடைத்துவிடும். மடக்கு வாளியில் பிடித்து, கொஞ்சம் படிகாரத் தூள் போட்டுக் கலக்கி, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் எடுத்து வடிகட்ட வேண்டும். தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேலே மாடுகள் மேயும் நிலம் இருப்பதால் ஆற்றை நம்புவதைவிட ஊற்றுகளை நம்புவது மேல், ஆனால் முதல் பெரிய ஊற்று ஏறக்குறைய 12-வது மைலில்தான் வருகிறது. அதுவரைக்கும் வேண்டிய தண்ணீரைச் சுமந்தே போக வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதைப் பையை மாட்டிக்கொண்ட பிறகுதான் உடம்பு நம்பும்.

அப்புறம் புதைமணல். சினிமாவில் வருவது போல ஆளை விழுங்காது, ஆனால் முழங்கால் வரை இறங்கிவிட்டால் எடையோடு காலை இழுப்பது முட்டிக்குக் கேடு. பின்னால் சாய்ந்து, காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். மூத்த அக்காவின் முழங்காலை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பரீயாவில் நுழையும் இடம் ஒன்று, வெளியே வரும் இடம் வேறு என்பதால் இரண்டு கார் வேண்டும், அல்லது வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம். இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்புகிறது: யூட்டாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அரிசோனாவில் நவஹோ பழங்குடிப் பகுதியைத் தவிர யாரும் தள்ளுவதில்லை. வண்டிக்காரரிடம் "காலை எட்டு மணி" என்று சொன்னால் எந்த எட்டு மணி என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் வாரம் வரை இந்த வித்தியாசம் இருக்கும்.

அனுமதியும் இறுக்கம். ராத்திரி தங்குவதற்கு ஒரு நாளைக்கு 20 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. நாங்கள் எட்டுப் பேர் என்றால் அன்றைய இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு எங்களுக்கே வேண்டும். கிடைக்காது என்று சொல்லவில்லை, ஆனால் தேதியில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, கிராண்ட் கேன்யன். முதல் பார்வைக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு போலத் தெரியும். அகலமான, பராமரிக்கப்படும் பாதை, வழி தவறவே முடியாது, கீழே கழிவறை இருக்கிறது, ரேஞ்சர் என்ற பூங்காக் காவலர் இருக்கிறார், அவசரத்துக்கு போன் இருக்கிறது. எங்கள் வரைவுத் திட்டம் இப்படி: தெற்கு விளிம்பிலிருந்து சவுத் கைபாப் பாதையில் 7 மைல் இறங்கி, பிரைட் ஏஞ்சல் முகாமில் முதல் இரவு, அடுத்த நாள் ஐந்து மைல் ஏறி ஹவசுப்பாய் கார்டன்ஸில் இரண்டாவது இரவு, மூன்றாம் நாள் மிச்சம் நாலரை மைல் ஏறி மேலே. ஹவசுப்பாய் பழங்குடி மக்கள் வாழ்ந்து பயிர் செய்த இடம் அது. பூங்கா நிர்வாகமே அவர்களை அங்கிருந்து வெளியேற்றியது. நெடுங்காலம் வேறு பெயர் வைத்திருந்தார்கள், 2022-இல்தான் அந்த மக்களின் பெயரைச் சூட்டினார்கள். அங்கே கூடாரம் போடும்போது இதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

இந்தக் கேன்யனின் சிக்கல், மலையேற்றத்துக்கு நேர் தலைகீழாக இருப்பது. மலையில் களைத்துப்போனால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தெம்பாக இருக்கும்போது இறங்குகிறோம், களைத்த பிறகு ஏற வேண்டும். சவுத் கைபாப் தொடங்கும் இடம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆறு 750 மீட்டர் வாக்கில். ஏறத்தாழ 1,450 மீட்டர் இறக்கம், ஒரே காலையில், வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. புதியவர்களின் தொடை அடுத்த நாள் காலையில் கழிவறைக்கு உட்காரக்கூட விடாது. கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும், இறங்கும்போது விரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருப்பதால். ஒவ்வொரு வருஷமும் 250 பேருக்கு மேல் இந்தக் கேன்யனிலிருந்து மீட்கப்படுகிறார்கள் என்று பூங்காவே எச்சரிக்கிறது. கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்கவே வேண்டாம் என்கிறார்கள், ஏனென்றால் கீழே நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

ஆக, என் கேள்விக்குக் கிராண்ட் கேன்யன் சொல்லும் பதில்: முதல் ஒரு மணி நேரத்துக்குள் மனசு மாறினால் திரும்பலாம், அதற்குப் பிறகு திரும்புவதும் ஏற்றம், தொடர்வதும் பிறகு ஏற்றம். ஆனால் உதவி கிடைக்கும் தூரத்தில் இருப்போம். பரீயாவில் எங்களுக்கு இருந்த தனிமை இங்கே கிடையாது, அந்தக் கணுக்கால் கதை இங்கே நடந்திருந்தால் ரேஞ்சரிடம் போய்ச் சொல்லியிருப்போம், அன்று ராத்திரி தூங்கியிருப்போம்.

மூத்த அக்காவுக்கு இங்கே ஒரு நல்ல வழி உண்டு. கீழே இருக்கும் ஃபான்டம் ராஞ்ச் என்ற விடுதிக்கு 30 பவுண்ட் வரை சாமானைக் கோவேறு கழுதையில் அனுப்பலாம், திரும்பவும் வரவழைக்கலாம், கட்டணம் உண்டு. கூடாரம், தூங்கும் பை, சாப்பாடு எல்லாம் அதில் போய்விட்டால் முதுகில் தண்ணீரும் மதிய உணவும் மட்டும். இதை அவரிடம் சொன்னபோது "நான் என்ன ஊனமா?" என்று கோபித்துக்கொண்டார். அக்கா, ஊனத்துக்காக இல்லை, எட்டுப் பேரில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் அந்த மூட்டையில் போட்டு அனுப்பலாம், நானும் போடுவேன்.

ஃபான்டம் ராஞ்ச் கட்டடங்களை 1922-இல் வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர் என்ற பெண். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1938-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் எல்சாடா குளோவரும் லோயிஸ் ஜாட்டரும் மரப்படகில் கொலராடோ ஆற்றின் வழியே இந்தக் கேன்யனின் முழு நீளத்தையும் தாண்டினார்கள், தாண்டிய முதல் பெண்கள் அவர்கள்தான், போகிற வழியில் செடிகளையும் சேகரித்துக் கணக்கெடுத்தார்கள். ஒருவருக்கு ஏறக்குறைய 40 வயது, மற்றவருக்கு 24. எங்கள் குழுவின் 61-ஐயும் 26-ஐயும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருவரின் நினைவுதான் வரும். கீழே ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதைத் தங்கைக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் மட்டுமே நான் ஒரு தடவை கிராண்ட் கேன்யனுக்கு ஓட்டுப் போட்டேன்.

ஆனால் எட்டுப் பேர் என்பது இங்கே ரொம்ப அசௌகரியமான எண். ஆறு பேர் வரை சிறிய குழு, 7 முதல் 11 வரை பெரிய குழு என்று பிரித்திருக்கிறார்கள், பெரிய குழுவுக்கான இடங்கள் முகாமில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அக்டோபரில் ஊரே அங்கே போக நினைக்கும். பல மாதம் முன்பே குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதுவும் எட்டுப் பேருக்கு ஒரே தேதியில். இன்னொரு நிச்சயமின்மை தண்ணீர்க் குழாய். கேன்யனைக் குறுக்கே கடந்து வரும் அந்தக் குழாய் 1960-களில் போடப்பட்டது, அடிக்கடி உடைகிறது. உடைந்தால் பாதையோரக் குழாய்கள் வறண்டுவிடும். மாற்றும் வேலை நடப்பதால் பாதைகளையும் முகாம்களையும் அவ்வப்போது மூடுகிறார்கள். கிளம்பும் வாரத்தில் பூங்காவின் அறிவிப்பைப் பார்க்காமல் போகவே கூடாது, குழாய் இருந்தாலும் வடிகட்டி கையில் இருக்க வேண்டும்.

அரவைப்பா பற்றிச் சொன்னதும் தங்கை கேட்டாள், "அக்கா, அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லையே?" அதுதான் அதன் நல்ல குணங்களில் முதலாவது. டூசான் நகரத்துக்கு வடக்கே, சுமார் 11 மைல் நீளம், நடுவே வருஷம் முழுக்க ஓடும் ஓடை. பாலைவனத்தில் வற்றாத ஓடை என்பது எவ்வளவு அபூர்வம் என்று அங்கே போனால் தெரியும்: சரிவில் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நிற்கும் சகுவாரோ கள்ளிகள், பத்து அடி கீழே இறங்கினால் பருத்தி போலப் பஞ்சு பறக்கவிடும் காட்டன்வுட் மரங்களின் நிழல். ஓடையில் அந்த மண்ணுக்கே உரிய மீன்கள் ஏழு வகை, இரண்டு வகை அழிவின் விளிம்பில் இருப்பவை. பறவைகள் 200 வகைக்கு மேல். கொம்பு வளைந்த பாலைவன மலை ஆடுகள் பாறையில் செங்குத்தாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன, நாங்கள் காபி போட்டு முடிக்கும்வரை அவை நகரவில்லை.

ஏற்ற இறக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தண்ணீர் பெரும்பாலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, நீச்சல் தெரியாதவளுக்கும் சமாளிக்கலாம். சேறு இல்லாத நாளில் வடிகட்டி நேரடியாக வேலை செய்யும், அதனால் இரண்டு லிட்டருக்கு மேல் சுமக்கத் தேவையில்லை. மேற்கு வாசலில் நுழைந்து, நடுவில் எங்காவது கூடாரம் போட்டு, அடுத்த நாள் பையை அங்கேயே விட்டுவிட்டு லேசாக மேலே நடந்து பக்கக் கேன்யன்களைப் பார்த்து, மூன்றாம் நாள் வந்த வழியே திரும்பலாம். இதுதான் என் கேள்விக்கு இந்தக் கேன்யன் தரும் பதில். ஒருத்தியால் முடியவில்லையா, அங்கேயே நிழலில் உட்காரலாம், மற்றவர்கள் ஒரு நாள் சுற்றிவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம், அவளும் பயணத்தை இழக்கவில்லை, இவர்களும் இழக்கவில்லை. யாருக்காவது காயம் என்றால் ஐந்தாறு மைலில் கார். இரண்டு பேர் அவளோடு திரும்பினாலும் மிச்சம் ஐந்து பேர் தொடரலாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அதிகபட்சம் மூன்று நாள் இரண்டு இரவுதான் அனுமதி. கிழக்கு வாசலுக்குப் போகும் மண்சாலை தரை உயரமான வண்டி இல்லாமல் ஆகாது, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் காரில் சுற்றிப் போகப் பல மணி நேரம் ஆகும், அதனால் குறுக்கே கடந்து போகும் திருப்தி கிடைக்காது. பாதை அடையாளமும் கிடையாது, புதருக்குள் நுழைந்து நுழைந்து வழி கண்டுபிடிக்க வேண்டும், முழங்கையெல்லாம் கீறல். இங்கேயும் வெள்ளம் வரும், அதனால் கூடாரத்தை ஓடை மட்டத்திலிருந்து நன்றாக உயர்ந்த மேட்டில்தான் போட வேண்டும், எவ்வளவு அழகான மணல் திட்டு கண்ணில் பட்டாலும். பரீயாவின் சந்து தரும் அந்தப் பிரமிப்பும் இங்கே இல்லை, அதை மறைக்க மாட்டேன்.

ஒரு நாளைக்கு 50 பேரை விடுகிறார்கள், மேற்கில் 30, கிழக்கில் 20. குழுவுக்கு 10 பேர். நான் போனபோது ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர். எட்டுப் பேர், மூன்று நாள், 120 டாலர்.

நான்காவதாக யூட்டாவின் கயோட்டி கல்ச் என்ற கேன்யனையும் ஒருத்தி சொன்னாள். அங்கே இருக்கும் ஜேக்கப் ஹாம்ப்ளின் என்ற பாறை வளைவுக்குக் கீழே தூங்குவது எனக்கும் கனவுதான், 12 பேர் வரை போகலாம். ஆனால் முப்பது மைலுக்கு மேல் உடம்பை உலுக்கும் மண்சாலை, மழை பெய்தால் வண்டி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சிலர் சொல்லும் குறுக்குவழிகளில் ஒன்றில் கயிறு பிடித்து இறங்க வேண்டும், இன்னொன்றில் பையைக் கழற்றிக் கயிற்றில் இறக்கிவிட்டு ஆள் பாறைப் பிளவுக்குள் நுழைய வேண்டும். இந்த வருஷம் வேண்டாம்.

இனி உடம்பைப் பற்றி. ஆண்கள் எழுதும் ஒப்பீடுகளில் இது இருப்பதே இல்லை, எங்கள் பேச்சிலோ பாதி நேரம் இதுதான். கிராண்ட் கேன்யன் முகாம்களில் கழிவறை இருக்கிறது, அதனால் இந்த விஷயத்தில் அதற்கே முதலிடம். பரீயாவில் மலத்தை நாமே பையில் கட்டி வெளியே எடுத்துவர வேண்டும், அதற்கென்று பொடி போட்ட பைகள் இருக்கின்றன. முதல் தடவை கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும், ஆனால் நான்கு நாள் பைகளைச் சுமந்தே ஆக வேண்டும். அரவைப்பாவில் குழி தோண்டிப் புதைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் குறுகலான கேன்யனில் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி இடம் தேடுவது கஷ்டம், அதனால் எங்கள் குழு அங்கேயும் பைதான் எடுத்துப் போகும். காகிதத்தை எங்கேயும் புதைக்கக் கூடாது, பாலைவன மண்ணில் மக்காது.

மாதவிடாய் அந்தத் தேதியில் வருமா என்று கணக்குப் பார்த்துத் தேதி வைக்க வேண்டாம், எட்டுப் பேருக்கு அப்படித் தேதியே கிடைக்காது. மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு அதுவே வசதி, ஆனால் இந்தப் பயணத்தில் முதல்முறையாக முயற்சி செய்யாதீர்கள், இரண்டு மாதம் முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். ஆற்றுச் சேற்று நீரில் கழுவக் கூடாது, அதற்கென்று வடிகட்டிய நீர் ஒரு சின்னக் குப்பியில் தனியாக இருக்கட்டும். நாப்கின் என்றால் பயன்படுத்தியதை இரண்டு ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும். சிறுநீர் கழிக்க மறைவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. எங்கள் பயணங்களில் தலைவலி, மயக்கம் வந்த எல்லாரும் அப்படி அடக்கியவர்கள். யாருக்குப் போக வேண்டுமோ அவள் சொல்வாள், மற்ற ஏழு பேரும் வேறு பக்கம் திரும்பி நிற்பார்கள், அவ்வளவுதான். அதே சமயம் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும், அதுவும் உயிருக்கு ஆபத்து, எனவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் உப்புள்ள ஏதாவது வாயில் போட வேண்டும்.

பாலைவனம் என்றால் வெயில் மட்டும் என்று நினைப்பதும் தவறு. பரீயாவின் சந்தில் வெயில் எட்டிப் பார்க்காது, கால் நாள் முழுக்கத் தண்ணீரில், மே மாதத்தில்கூட எனக்குப் பல் கிட்டியது. மூன்று இடத்துக்கும் ராத்திரிக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ், தொடாமல் தனியாக. அரவைப்பாவிலும் பரீயாவிலும் ஈரத்தோடு மணல் உரசிக் கால் புண்ணாகும், அதனால் தண்ணீர் வடியும் ஷூவும் முன்கூட்டியே ஒட்டிய டேப்பும் வேண்டும். கிராண்ட் கேன்யனுக்கு அதே ஷூ ஆகாது, அங்கே நகத்தைக் காக்கும் விறைப்பான முனை வேண்டும்.

வழிகாட்டி வேண்டுமா? கிராண்ட் கேன்யன் என்றால், எங்கள் குழுவில் அனுபவசாலி நான் ஒருத்திதான் என்பதால், பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு பெண்களுக்கான பயணத்தில் சேரலாம் என்பேன். செலவு பல மடங்கு, ஆனால் அனுமதி, சாப்பாடு, கூடாரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அரவைப்பாவுக்குத் தேவையில்லை. அங்கே நாமே வரைபடம் பார்த்து, நாமே சமைத்து, நாமே முடிவெடுப்பதுதான் அடுத்த வருஷத்துக்கான பயிற்சி. மூன்று இடத்திலும் போன் சிக்னலை நம்ப முடியாது, அதனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இரண்டு, வெவ்வேறு ஆட்களின் பையில்.

என் முடிவை மாற்றக்கூடியது இரண்டே விஷயம். எட்டுப் பேர் ஆறாகக் குறைந்து, கிராண்ட் கேன்யன் குலுக்கலில் அக்டோபர் கடைசி வாரம் விழுந்தால் கழுதை மூட்டையோடு அங்கே போகலாம். அல்லது கிளம்பும் வாரத்தில் அரவைப்பாவுக்கு மேலே பெருமழை என்றால் பயணத்தையே தள்ளிப்போடுவோம், கட்டிய பணம் போனால் போகட்டும்.

மேற்கு வாசல் அனுமதி ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே திறக்கும், வாரக்கடைசி இடங்கள் சீக்கிரம் போய்விடும். திங்கள் முதல் புதன் வரை லீவு போட முடியுமா என்று எல்லாரும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள். மூத்த அக்காவும் தங்கையும் அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, எட்டு கிலோ பையோடு, ஷூவை நனைத்துக்கொண்டு, என்னோடு ஆறு மைல் நடக்க வருகிறார்கள். நீச்சல் தெரியாதவளும் வருகிறேன் என்று நேற்று ராத்திரி செய்தி அனுப்பியிருக்கிறாள்.